கடைசித் தேதிக்குப் பிறகு வந்த சீர்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பெருக்கு அன்று காலை, விளாங்குடியில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே என் தம்பி. அவன் மடியில், அவன் முகத்தையே மறைத்துக்கொண்டு, கருநீல நிறத்தில் ஒரு பெரிய சக்கரப் பெட்டி. பழங்காநத்தத்திலிருந்து அவ்வளவு தூரமும் அதைத் தூங்குகிற பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்தே வந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி, கையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், வெற்றிலை, மல்லிகைப்பூ, கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் மேலே, மடித்து வைத்த ஒரு குளிர் கோட்டு.

ஆடி மாசத்து மதுரையில் குளிர் கோட்டு. வைகையில் மணல் காய்ந்து கிடக்கிறது, காற்று அனலாக அடிக்கிறது, தம்பி கோட்டுக் கொண்டு வருகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"எங்கக்கா என் மருமக? வந்து போட்டுக் காட்டச் சொல்லு" என்றான், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே.

என் மகளுக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே என் கணவர் தவறிப்போய்விட்டார். நான் காளவாசலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைக்கிற வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும், அதற்கு மேல் ஒரு கனவுக்குக்கூடக் காணாது. ஆனால் கனவு கேட்டுக்கொண்டா வருகிறது? மகள் தானாகவே விண்ணப்பம் போட்டாள், தானாகவே பரீட்சை எழுதினாள். ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்து, வலியில் முனகிக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டணத்தில் பாதியைப் பல்கலைக்கழகமே உதவித்தொகையாகத் தருகிறது. மீதிக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினால் போதும்.

கடனுக்கு அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட, வருமானம் உள்ள, வருமான வரி கட்டுகிற ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். என் கணவர் வீட்டில் செக்கானூரணிக்கு மேற்கே நிலம் உண்டு, கிணறு உண்டு. அவருடைய அண்ணன், என் மூத்தாரிடம் போய்க் கேட்டேன். "வெவசாயத்துக்கு வரியும் இல்ல, வரி கட்டுன பேப்பரும் இல்ல. நெலமோ இன்னும் பாகம் பிரிக்காமக் கெடக்கு. நான் எதக் கொண்டுபோய் நீட்ட?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். பக்கத்தில் நின்ற அவர் மனைவி மட்டும், "அதான் தாய்மாமன் இருக்காகல்ல, ஊரு பூராம் போட்டோ எடுக்குறாகல்ல" என்று ஓர் இழுவை இழுத்தாள்.

என் தம்பி கல்யாண போட்டோகிராபர். தை, மாசி, பங்குனி, வைகாசி என்று முகூர்த்த மாசங்களில் அவனைக் கையில் பிடிக்க முடியாது. காலையில் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டு, சாயங்காலம் வேறொரு மண்டபத்தில் வரவேற்பு. ஆடி பிறந்தால் எல்லாம் அடங்கிவிடும். கேமரா பை ஆணியில் தொங்கும். ஆடியில் யாரும் கல்யாணமும் வைப்பதில்லை, ஆவணிக் கல்யாணத்துக்கு முன்பணமும் கொடுப்பதில்லை. "இந்த மாசம் நான் செத்த பாம்புக்கா" என்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் தொழிலில் தாமதம் என்பது குற்றமே இல்லை. பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைத் தாமதமாகக் கொடுப்பார்கள், அவன் ஆல்பத்தைத் தாமதமாகக் கொடுப்பான். கல்யாண ஆல்பம் கைக்கு வருகிறபோது இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். "வாங்கண்ணே, இவனுக்குக் காதுகுத்தும் நீங்கதான் எடுக்கணும், அந்த ஆல்பத்தையாச்சும் இவன் கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்துருங்க" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான், அவர்களும் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. அந்தச் சிரிப்பிலேயே வளர்ந்தவன் அவன். வருமான வரியையும் அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். ஜூலை முடிவு கடைசி நாள் என்றால் அது சரியாக ஆடிக்குள் வந்து விழும், கையில் காசு இருக்காது. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தப் பணம் வந்ததும், அபராதத்தையும் வட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுவான். சில வருஷம் அது கார்த்திகை வரைக்கும் இழுக்கும். ஆனால் கட்டாமல் விட்டதே இல்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. "எங்க லைன்ல முக்காவாசிப் பேரு கட்டுறதே இல்லக்கா" என்பான்.

கடன் விஷயமாகப் பழங்காநத்தத்தில் உள்ள வங்கிக் கிளைக்கு ஆனி மாசத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கடன் பார்க்கிற அதிகாரி ஒரு பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பழைய வருஷத்துத் தாள்களை வாங்கிக்கொண்டாள். "இந்த வருஷத்து வரியையும் கடைசி நாளுக்குள்ள கட்டித் தாக்கல் பண்ணிருங்க சார். அது வந்துட்டா மேல அனுப்பிருவேன்" என்றாள்.

"அதுக்கென்ன மேடம். ஆனி முகூர்த்தப் பணம் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றான் தம்பி.

உண்மையிலேயே வைத்திருந்தான். அவன் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். கல்யாணப் பத்திரிகை வந்த பெரிய மஞ்சள் உறை ஒன்றில் போட்டு, "இது சர்க்காரு காசு, தொடப்படாது" என்று சொல்லித்தான் பீரோவில் வைத்தானாம்.

ஆடிப்பெருக்குக் காலைக்குத் திரும்புகிறேன். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தான். திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது. உள்ளே போட்டுக்கொள்கிற கம்பளி உடுப்பு, கையுறை, காதை மூடுகிற குல்லா, சின்னதாக ஒரு குக்கர், அங்கே உள்ள பிளக்குக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு மாற்றுச் சொருகி. இதையெல்லாம் யார் சொல்லி வாங்கினானோ. கம்பளிச் சாமானுக்காக ஒருநாள் முழுக்கக் கடைகடையாக அலைந்தானாம். "மதுரையில கம்பளி கேட்டா என்னமோ பைத்தியக்காரனப் பாக்குற மாதிரி பாக்குறாய்ங்கெ" என்றான்.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு, குல்லாவையும் மாட்டிக்கொண்டு, ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிகிறது. "மாமா, அயர்லாந்து போறதுக்கு முன்னாடி இங்கேயே அவிஞ்சு போயிருவேன் போல" என்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏத்தா, கரடி மாதிரில்ல இருக்க" என்கிறாள். தம்பி சுற்றிச் சுற்றி வந்து படம் எடுக்கிறான். நான் அடுப்பில் வைத்த கலவைச் சாதத்தை மறந்துவிட்டு நிற்கிறேன். அந்தச் சாதம் அடிப்பிடித்துக் கருகிய வாசனைகூட அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் புறப்படும்போது, வாசலில் வைத்துக் கேட்டேன். "வரி கட்டிட்டியாடா?"

"ஆவணி மொத முகூர்த்தத்துல மூணு கல்யாணம் இருக்குக்கா. அதுல கட்டிப்புடலாம்."

"பேங்க்ல கடைசி நாளுக்குள்ளன்னு சொன்னாகளேடா."

"அது நேத்தோ முந்தாநாளோ போச்சு. போனாப் போவுது, பைன் போடுவான், சேத்துக் கட்டுவோம். வருசா வருசம் அப்படித்தானே? அவுகளுக்கு வேண்டியது பேப்பரு. பேப்பரு எப்பக் குடுத்தாலும் பேப்பருதானக்கா."

மறுபடி கேட்க வாயெடுத்தேன். ஆனால் வீட்டுக்குள் அந்தப் பெட்டி இருந்தது. இவ்வளவு வாங்கி வந்திருக்கிறவனிடம் இதற்கு மேல் துருவிக் கேட்பது அழகில்லை என்று பட்டது. அவன் போன பிறகு பெட்டியைக் கூடத்திலிருந்து எடுக்காமல், வருகிறவர் போகிறவர் கண்ணில் படட்டும் என்று அப்படியே நிறுத்தி வைத்தேன். தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். மூத்தார் மனைவிக்குப் போன் போட்டும் சொன்னேன். பீரோவில் இருந்த மஞ்சள் உறைதான் பெட்டியாகவும் கோட்டாகவும் மாறி என் கூடத்தில் நிற்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. தம்பியும் நானும் போனோம். மகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அதிகாரிப் பெண் நாற்காலியைக் காட்டினாள். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"சார், இந்த வருஷத்துது இன்னும் வரலையே."

"ஆவணியில கட்டிருவேன் மேடம்."

"கடைசி நாள் போயிருச்சே சார்."

"தெரியும் மேடம். பைனோட கட்டிருவேன். போன வருசம், அதுக்கு முந்துன வருசம் எல்லாம் அப்படித்தான். பாருங்க, ஒத்தப் பைசா பாக்கி இருக்காது."

அவள் கணினித் திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. "பாக்கி இல்லதான் சார். நீங்க நல்லாச் சம்பாதிக்கிறீங்க, அதுலயும் எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இதுல முடிவு எடுக்குறது நான் இல்ல. இது மேல போகும். அங்க இதைப் பாக்குறவரு உங்க முகத்தைப் பாக்கப்போறதில்ல, தேதியைத்தான் பாப்பாரு. ஒவ்வொரு வருஷமும் தேதி தாண்டியிருக்கு. வரியையே தாண்டித்தான் கட்டுறாருன்னா கடன் தவணையை எப்படிக் கட்டுவாருன்னு யோசிப்பாங்க. இந்த வருஷத்தையாவது நேரத்துல கட்டியிருந்தா, இப்பத் திருந்திட்டாருன்னு நானே எழுதி அனுப்பியிருப்பேன்."

தம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆனியில பணம் தனியா எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"பெட்டி வாங்கிட்டேன் மேடம்."

"எந்தப் பெட்டி?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தாய்மாமன் வெறுங்கையோடு மருமகளைக் கடல் கடந்து அனுப்ப மாட்டான் என்பதை, எங்களுக்குப் பின்னால் டோக்கனோடு ஆள்கள் நிற்கும்போது, எந்த வார்த்தையில் சொல்வது? எங்கள் வீட்டுக்குள் யாருக்கும் விளக்க வேண்டியிராத ஒன்று, அந்த மேசைக்கு முன்னால் எடுத்து வைக்கவே முடியாத ஒன்றாகிவிட்டது.

வெளியே வந்ததும், "முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா. என் சங்கிலிய அடகு வச்சிருப்போமே" என்றேன்.

"ஓங்கிட்ட வாங்கியா? நீ பேசாம வாக்கா" என்றான். குரலில் கோபம். இந்த நிலையிலும் அக்காவிடம் கை நீட்டுவதுதான் அவனுக்குக் கேவலமாகத் தெரிந்தது. காலங்காலமாக எங்களில் அண்ணன் தம்பி கொடுப்பான், அக்கா தங்கை வாங்கிக்கொள்வாள். அந்த ஓட்டம் ஒருபோதும் திரும்பி ஓடாது. என் கழுத்தில் கிடந்த சங்கிலி அந்த வெயிலில் சும்மா மின்னிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஆவணிக் கல்யாண வீடுகளுக்குப் போய் முன்பணம் கேட்டான். "என்னண்ணே, தெரியாதவுக மாதிரி கேக்குறீக. ஆடி போகட்டும், மொதக் காசு ஒங்களுக்குத்தான்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ஆல்பத்தோடு காத்திருந்த பழைய பாக்கிகளைத் தேடிப் போனான். ஒரு வீட்டில் மாப்பிள்ளை வெளியூர், ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை காசு கொடுக்கமாட்டார்கள். வரி தாக்கல் செய்து கொடுக்கிறவரிடம் போய், பணம் கட்டாமல் தாக்கல் மட்டும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறான். "பண்ணலாம் மாப்ள. ஆனா ஒம் பேருக்கு நேரா பாக்கின்னு நிக்கும். அதைப் பேங்க்ல பாத்தா இதவிட வம்பு" என்றாராம் அவர். கடைசியில் மனைவியின் தோட்டைக் கழற்றி வைத்து, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டினான். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி வாசலில், திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றானாம்.

அதிகாரிப் பெண் தன்னால் ஆனதைச் செய்தாள். அன்றே மேலே அனுப்பினாள். நடுவில் விடுமுறை வந்தது. பிறகு மேலிருந்து ஒரு கேள்வி வந்தது, ஏன் எல்லா வருஷமும் தாமதம் என்று. தம்பி தன் கையாலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தான். ஆடி மாசத்தில் தன் தொழிலில் வருமானம் இருக்காது என்று எழுதியிருந்தான். அதைப் படித்தவருக்கு ஆடி என்றால் என்னவென்று தெரிந்திருக்குமோ என்னமோ.

கடன் கிடைக்கவில்லை. முடியாது என்றுகூடச் சொல்லவில்லை, இப்போதைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் பல்கலைக்கழகம் முதல் கட்டணம் கட்டச் சொன்ன நாளும் போய்விட்டிருந்தது. மகள் அவர்களுக்கு எழுதிப் பார்த்தாள். மரியாதையாகப் பதில் போட்டார்கள். இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்றித் தருகிறோம், ஆனால் உதவித்தொகை இந்த வருஷத்தோடு சரி என்று. பாதியே எங்களுக்கு மலை. முழுசுக்கு எங்கே போக?

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. மூன்று கல்யாணமும் முடிந்து, தம்பி கை நிறையப் பணத்தோடு வந்தான். "இத வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா பாருத்தா" என்று மகளிடம் நீட்டினான். மகள் அவன் கையைப் பிடித்து, பணத்தோடு சேர்த்து மூடினாள்.

"விடுங்க மாமா. அங்க போயிருந்தா தெனமும் உருளைக்கெழங்குதான். இங்கயே இருந்துக்கிறேன்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. சோறு போட்டு வைத்திருந்தேன், உட்காராமலேயே போய்விட்டான்.

மகள் ஒருநாளும் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு மதியம், ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. அந்தக் கோட்டை எடுத்து, கழுத்துவரைக்கும் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையை இரண்டு பைகளிலும் விட்டிருந்தாள். குளிர் நாட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் எப்படி நிற்பாளோ அப்படி. நான் சத்தமில்லாமல் பின்வாங்கி, தெருமுனை வரை போய், வேண்டுமென்றே செருப்பை உரசி நடந்து மறுபடி வந்தேன். நான் உள்ளே நுழைந்தபோது கோட்டு பீரோவுக்குள் போயிருந்தது. முகம் மட்டும் வேர்த்திருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு விசேஷ வீட்டில் மூத்தார் மனைவி, பத்துப் பேர் நடுவில், "என்ன, தாய்மாமன் சீரு பெட்டியோட நின்னுபோச்சாக்கும்" என்றாள். தம்பி அங்கேதான் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தது. கேமராவை முகத்திலிருந்து அவன் இறக்கவே இல்லை. வெகுநேரம் அந்தக் கறுப்பு டப்பாவுக்குப் பின்னாலேயே இருந்தான். அவள் வாயை அடைக்கிற பதில்கள் எனக்கு வீட்டுக்கு வருகிற வழியில்தான் விதவிதமாகத் தோன்றின.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவான். "உள்ள வாடா" என்றால், "இல்லக்கா, போறேன், வேல கெடக்கு" என்பான். கூடத்தில் நின்ற பெட்டியை நான் பீரோவுக்கு மேலே ஏற்றி, பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டேன். மூடியும் அதன் உருவம் தெரிந்தது. அவன் கண் முதலில் அங்கேதான் போகும்.

மாசி வாக்கில் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. புறப்படுகிற அன்று அவளே நாற்காலி போட்டு ஏறி, அந்தப் பெட்டியை இறக்கினாள்.

"சென்னைக்கு எதுக்குடி இம்புட்டுப் பெரிய பெட்டி?" என்றேன்.

"மாமா வாங்கிக் குடுத்தது. இதுலதான் போவேன்" என்றாள். தம்பிக்கும் அவளே போன் போட்டாள். "மாமா, ரயிலேத்தி விட வாரீங்களா இல்லையா?"

காலை ரயில். மதுரை ஜங்ஷனில் தம்பிதான் பெட்டியைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். நாலைந்து சுடிதார், இரண்டு போர்வை, ஓர் இட்லிப் பொடி டப்பா. அவ்வளவுதான் உள்ளே. கடல் கடந்து போக வாங்கிய பெட்டி.

"கனமே இல்லையேத்தா" என்றான்.

"வரும்போது ரொப்பிட்டு வாரேன் மாமா" என்றாள் மகள்.

ரயில் நகர்ந்த பிறகும் அவன் கை அந்தக் கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. டீக்கடைப் பக்கம் கூட்டிப் போனேன். பாதி டீ குடித்துவிட்டுச் சொன்னான். "அந்தக் கவர்ல இருந்த காச எடுக்கையில, தப்புன்னே தோணலக்கா. சர்க்காரு காத்துக்கிருக்கும், மருமக காத்துக்கிருக்குமான்னுதான் நெனச்சேன்." அவன் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான். எத்தனையோ கல்யாணத்தில் கூட்டத்தை விலக்கி முன்னால் போய் நிற்கிற அந்தத் தோள், அன்றைக்கு என் கைக்குள் அடங்கிப் போயிருந்தது.

அடுத்த ஆடி வந்தது. மாசம் பிறந்த சில நாளில், ஆஸ்பத்திரியில் நான் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. தம்பி அனுப்பியிருந்தான். அவன் எடுக்கிற கல்யாணப் படம் இல்லை. வருமான வரி கட்டிய ரசீது. கடைசி நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. பிறகுதான் அவன் மனைவி சொன்னாள். தை மாசத்திலிருந்தே ஒவ்வொரு கல்யாணப் பணத்திலும் முதலில் இதற்கென்று எடுத்து, தன் கைக்கே எட்டாத மாதிரி அவளிடம் கொடுத்துவிடுகிறானாம். "பிள்ளைக்குக் காதுகுத்துன்னாக்கூட அதத் தொட விடமாட்டேங்கிறாக மதினி."

அந்த ரசீதுக்கு என்ன பதில் போடுவது? சபாஷ் என்றா? எதற்கு? "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் எழுதினேன். "ம்" என்று வந்தது.

அதற்கு அடுத்த வருஷமும் அனுப்பினான். அதற்கு அடுத்ததும். இந்த வருஷத்தோடு நாலாவது. இப்போது எந்த வங்கியும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. என் மகளுக்கும் அது தேவையில்லை. அவளுக்கு இனிமேல் அயர்லாந்து போகிற எண்ணமும் இல்லை, கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். அந்தக் கோட்டு மட்டும் இன்னும் என் பீரோவில் தொங்குகிறது. ஒவ்வொரு ஆடியிலும் வெயிலில் போட்டு எடுத்து, பாச்சா உருண்டை போட்டு மறுபடி மாட்டி வைக்கிறேன். கொடுத்துவிட மனசு வரவில்லை, யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

ஆடிப்பெருக்குக்கு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து தட்டுத் தட்டாக வரும். "ஒனக்குத் தம்பி என்னம்மா குடுத்தாரு?" என்று அந்த ஜன்னல்காரம்மா கேட்கத் தவறுவதில்லை. பூவும் வளையலும் காட்டுவேன். போனில் இருக்கிற ரசீதை யாரிடமும் காட்டியதில்லை. இவ்வளவு தேதி சுத்தமாக என் தம்பி எனக்குக் கொண்டு வருகிற சீர் அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், இதே மாதிரி ஒரு ரசீது அந்தப் பெட்டி வந்த ஆடியிலேயே வந்திருந்தால், என் மகள் எந்தத் தெருவில் அந்தக் கோட்டைப் போட்டு நடந்துகொண்டிருப்பாள் என்று மனம் தன்னால் போய் ஒருமுறை தேடிவிட்டுத்தான் திரும்புகிறது.